பழைய அம்பாசிடரும் பழுதுக் கூலியும்

இந்தியாவில் ஒரு பழைய காரைப் பழுதுபார்க்க ஆகும் செலவை அக்காரின் தேய்மானம் மட்டும் தீர்மானித்ததில்லை. புதிய கார் எளிதில் கிடைக்குமா, உதிரிப் பாகங்கள் எங்கே உருவாகின்றன, அவற்றைப் பொருத்துகிற கைக்கு என்ன கூலி என்னும் மூன்று கேள்விகளுக்கு அந்தந்தக் காலம் கொடுத்த விடைகளே அச்செலவை வகுத்தன. இம்மூன்றையும் ஒரே வண்டியின் வழியாகத் தொடர்ந்து பார்ப்பதற்கு அம்பாசிடரைப் போல் ஏற்ற சான்று வேறில்லை. 1950களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி 2014 மே மாதம் வரை, உடலின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறாமல் உற்பத்தியான செடான் வகைக் கார் அது. முன்னே எஞ்சின் அறை, நடுவே பயணிகள் அறை, பின்னே டிக்கி என மூன்று பெட்டிகளாகப் பிரிந்து நிற்கும் வடிவமே செடான் எனப்படுவது. தமிழகக் கிராமங்களில் ‘பிளசர்’ என்ற சொல் இத்தகைய கார்களையே பெரும்பாலும் குறித்தது.

பி. எம். பிர்லா 1942-இல் நிறுவிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவுக்கு இடம்பெயர்ந்து, இங்கிலாந்தின் மாரிஸ் நிறுவன வடிவங்களை உரிமம் பெற்று உருவாக்கி வந்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது; மூன்றாம் வரிசை அம்பாசிடர் ஆனது. தொடக்கத்தில் அதற்கு வாய்த்தது சிலிண்டரின் பக்கவாட்டில் வால்வுகள் அமைந்த பழைய எஞ்சின்தான். 1959-இல் அதனிடத்தில் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், சிலிண்டர்களின் தலைப்பகுதியில் வால்வுகளும் கொண்ட எஞ்சின் வந்தது. பிரிட்டனில் ‘பி வரிசை’ என்று அறியப்பட்ட இந்த எஞ்சினைச் சுற்றியே இந்தியாவின் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் கல்வி அமைந்தது.

அந்தக் கல்விக்கு அரை நூற்றாண்டு அவகாசம் கிடைத்ததற்குக் காரணம் அரசின் கொள்கை. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரையை ஒட்டி, உள்நாட்டிலேயே பாகங்களை உருவாக்கும் திட்டமில்லாத நிறுவனங்கள் கார்த் தொழிலிலிருந்து விலக நேர்ந்தது. வெளியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அவ்வாறே வெளியேறின. எஞ்சியவை மூன்று: உத்தரபாராவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. இவற்றின் உற்பத்தி உரிமத்தால் வரம்பிடப்பட்டிருந்தது, இறக்குமதி அடைபட்டிருந்தது, எனவே முன்பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1969-இல் அரசு கார்களுக்குச் சட்டப்படி விலை நிர்ணயித்ததும், அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், 1975-இல் அக்கட்டுப்பாடு நீங்கியதும் இப்பற்றாக்குறையின் வெவ்வேறு முகங்கள். பணம் இருந்தும் புதிய கார் கிடைக்காத நாட்டில் பழைய கார், இயல்பான சந்தையில் பெறக்கூடியதைவிட மிக உயர்ந்த மதிப்பைப் பெற்றது. அதனாலேயே அதைப் பழுதுபார்க்கச் செலவிடும் தொகைக்கும் உச்சவரம்பு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. கழற்றிப் போட வேண்டிய நிலையிலிருந்த வண்டியைக்கூட மீண்டும் எழுப்புவது கணக்குக்குப் பொருந்தி வந்தது.

இவ்வண்டிகள் சந்தைக்கு வந்த வழிகளில் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் அம்பாசிடர்களை ஏராளமாக வைத்திருந்தன. குறிப்பிட்ட தூரமும் ஆண்டும் கடந்தபின் அவை ‘கழிவு செய்யப்பட்ட வாகனங்கள்’ என அறிவிக்கப்பட்டு, அலுவலக வளாகங்களில் பொது ஏலத்தில் விடப்பட்டன. பட்டறைக்காரர்கள் ஏலம் எடுத்து, பிரித்து, சீர்செய்து, வெள்ளை நிறத்தை மாற்றி விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் அவற்றை வாடகைக் காராக ஓட்டினார்கள். அரசின் ஏட்டில் ஆயுள் முடிந்த வண்டி, வாடகைக் கார் நிறுத்தத்தில் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடியது. அந்த இரண்டாம் ஆயுளைச் சாத்தியமாக்கியவர்கள் ஏட்டிலும் விளம்பரத்திலும் பெயர் இடம்பெறாத தொழிலாளர்கள் என்பதால், அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே பதிவு செய்வது கடமையாகிறது.

பழைய அம்பாசிடரை வாங்க வந்தவருடன் ஒரு மெக்கானிக்கும் வருவது வழக்கம். அவர் முதலில் எஞ்சினை ஓடவிடுவதில்லை. முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகிக் கையால் மெல்லச் சுற்றுவார். நான்கு சிலிண்டர்களும் முறையே அழுத்தம் கொள்ளும்போது கை நான்கு முறை சமமான எதிர்ப்பை உணர வேண்டும். ஒன்றில் கை எளிதாக வழுக்கிச் சென்றால் அந்தச் சிலிண்டரின் வால்வோ ரிங்குகளோ தேய்ந்துவிட்டன என்று பொருள். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், அவ்வாயிலிருந்து புகை துடித்து வெளிவருகிறதா என்று பார்ப்பார். எரிந்த வாயு பிஸ்டனைக் கடந்து கீழிறங்குவதன் அறிகுறி அது. பட்டறைகளில் இதற்குப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று பெயர். புகைக்குழாயில் நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் கார்புரேட்டர் பெட்ரோலை மிகுதியாகக் கலக்கிறது. வெண்புகையுடன் ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெட் என்னும் தகட்டு அடைப்பு கிழிந்திருக்கிறது. விலை பேசுவதற்கு முன்பே செலவின் பட்டியல் இவ்வாறு கையாலும் கண்ணாலும் எழுதப்பட்டுவிடும்.

எஞ்சினின் முதன்மையான நோய் சிலிண்டர் தேய்வு. புழுதி நிறைந்த சாலைகளில் காற்றோடு உட்புகும் நுண்மணல், சிலிண்டர் சுவரின் மேற்பகுதியை, அதாவது மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தை, அதிகமாக அரித்து, வட்டமாயிருந்த துளையை முட்டை வடிவாக்கும். இதற்கு இருவகைச் சிகிச்சை உண்டு. வால்வுகளை மட்டும் அரைத்துப் பொருத்தி, படிந்த கரியைச் சுரண்டி, ரிங்குகளை மாற்றி முடிப்பது குறைந்த செலவுள்ளது. சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ அது தாங்கும். சிலிண்டரையே கடைந்து பெரிதாக்கும் ‘ரீபோர்’ முழுமையானது. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர்; அதை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு எனப் படிப்படியாகப் பெரிதாக்கி, அந்தந்த அளவுக்கென்றே வார்க்கப்பட்ட பெரிய பிஸ்டன்களைப் போடலாம். கிராங்க் தண்டுக்கும் இதே கணக்கு எதிர்த்திசையில் உண்டு. தேய்ந்த தண்டை அரைத்துச் சிறிதாக்கி, அதற்கேற்ற கனமான பேரிங்குகளைப் பொருத்துவார்கள். நாற்பதையும் கடந்த சிலிண்டருக்கு ‘ஸ்லீவ்’ எனப்படும் இரும்பு உறையை அழுத்தி இறக்கி, மீண்டும் கடைந்து, ஆலையிலிருந்து வந்த முதல் அளவுக்கே கொண்டுவருவார்கள். அப்போது கணக்கு திரும்பவும் தொடக்கத்திலிருந்து ஆரம்பமாகும். வார்ப்பிரும்பு உடலில் வெடிப்பு விழாத வரை அந்த எஞ்சினுக்கு முடிவென்று ஒன்று வகுக்கப்படவேயில்லை என்பதுதான் இதன் உட்பொருள். அரை நூற்றாண்டுப் பழுதுத் தொழிலின் பொருளாதாரம் இந்த ஒரு சாத்தியத்தின் மேல் நின்றது.

ரீபோருக்குப் பின் வண்டியை முதல் சில நூறு மைல்கள் மெதுவாகவே ஓட்ட வேண்டியிருந்தது. புதிய ரிங்குகளும் புதிதாகக் கடைந்த சுவரும் ஒன்றுக்கொன்று பழகாமல் வேகம் கூட்டினால், வெப்பத்தில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். வாடகைக் கார் உரிமையாளருக்கு இந்த மெதுவோட்டமும் ஒரு செலவே. வருமானம் குறைந்த அந்த நாள்களையும் சேர்த்துத்தான் எஞ்சின் வேலை எப்போது செய்வது என்று அவர் முடிவு செய்தார்.

எல்லாப் பழுதும் சரிசெய்யப்பட்டதில்லை. சிலவற்றோடு வாழ்வதே சிக்கனமாக இருந்தது. அவற்றுள் பெயர்பெற்றது எண்ணெய்க் கசிவு. இந்த எஞ்சினின் கிராங்க் தண்டு பின்புறம் வெளிவரும் இடத்தில், பிற்கால எஞ்சின்களில் உள்ளதுபோல் ரப்பர் அடைப்பு வளையம் கிடையாது. தண்டின் மேல் வெட்டப்பட்ட மறைபோன்ற சுருள் பள்ளம், சுழற்சியில் எண்ணெயை உள்நோக்கித் தள்ளிவிடும் என்ற எண்ணத்தில் அது அமைக்கப்பட்டது. பேரிங் புதிதாக இருக்கும்வரை அந்த ஏற்பாடு வேலை செய்தது. தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கியதும் எண்ணெய் பின்னால் வழிந்து, கிளட்ச் தட்டை நனைத்து, வண்டி மேட்டில் இழுக்காமல் செய்தது. இதைத் தீர்க்க எஞ்சினையே இறக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான உரிமையாளர்கள் அடுத்த முழு எஞ்சின் வேலை வரும்வரை அவ்வப்போது எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டினார்கள். அம்பாசிடர் நின்ற இடத்தில் தரையில் கரும்புள்ளிகள் படிந்திருந்தது இதனால்தான். அது பராமரிப்பில் காட்டிய அலட்சியத்தைவிட, வடிவமைப்பின் எல்லையையும் உரிமையாளரின் வரவுசெலவையும் சரியாக எடைபோட்ட முடிவையே காட்டுகிறது.

முன்சக்கர அமைப்பின் கதை வேறு. சக்கரத்தைத் தாங்கித் திரும்பச் செய்யும் கிங்பின் என்னும் செங்குத்து ஆணியும், அதைச் சூழ்ந்த வெண்கலப் புஷ்களும் தவறாமல் கிரீஸ் ஏற்றப்பட்டால் நெடுநாள் உழைத்தன. கிரீஸ் விடுபட்டால் விரைவில் தேய்ந்து, முன்சக்கரங்கள் நடுங்கின, டயர் ஒரு பக்கமாகத் தின்றுபோயிற்று. புஷ்ஷைத் தட்டி இறக்கி, ரீமரால் துளையைச் சீவி, ஆணி கையழுத்தத்தில் நுழைந்து ஆட்டமின்றித் திரும்பும் அளவுக்குக் கொண்டுவருவது நுட்பமான வேலை. ஒரு மயிரிழை கூடினால் ஆட்டம். குறைந்தால் ஸ்டியரிங் கனம். பாகத்தின் விலை சிறிது. அதைப் பொருத்தும் கையின் அறிவு பெரிது. பழைய காரின் பழுதுச் செலவில் கூலியின் பங்கு ஓங்கியிருந்ததையும், அந்தக் கூலி அறிவின் அளவுக்கு ஒருபோதும் உயராததையும் இந்த ஒரு வேலையே காட்டும். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவும் சிறுவனாகப் பட்டறைக்குள் நுழைந்தவர், ரீமரைத் தாமே பிடிக்கும் உரிமையைப் பெறப் பல ஆண்டுகள் ஆயின; அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாப்பாடும் வாரக் கடைசியில் சில்லறையும் மட்டுமே.

பிற கோளாறுகளைச் சுருங்கச் சொல்லலாம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்த காலத்தில், சக்கரச் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிவதும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளின் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிரேக் பிடி தளர்வதும் அடிக்கடி நேர்ந்தன. ஏற்றத்திலோ பெட்ரோல் பம்ப்பின் வெப்பத்தில் எரிபொருள் ஆவியாகி ஓட்டம் தடைபட்டது; ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் காத்திருப்பதே மருந்து. ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் அமைந்த கியர் கம்பியின் இணைப்புகள் தேய்ந்தால் கியர் இடையில் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் பானெட்டைத் திறந்து கையால் தட்டி விடுவித்துக்கொண்டு மேலே செல்வார். தனிச் சட்டமின்றி உடலே சட்டமாக இயங்கும் அமைப்பு அம்பாசிடருடையது. ஆகையால் கடற்கரை ஊர்களில் கதவடிப் பகுதியிலும் தரைத்தகட்டிலும் பிடித்த துரு, பார்வைக் குறை என்ற எல்லையைக் கடந்து வண்டியின் வலுவையே அரித்தது. டிங்கர் எனப்படும் தகட்டு வேலைக்காரர் அழுகிய பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைச் சுத்தியலால் வளைத்து, வாயு வெல்டிங்கால் ஒட்டினார்.

இவ்வளவு வேலைக்கும் வேண்டிய பாகங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி சென்னையின் தொழில் வரலாற்றுக்குள் அழைத்துச் செல்கிறது. கார் உற்பத்தியில் மூன்றாமிடத்திலிருந்த இந்நகரம், பாக உற்பத்தியில் நாட்டின் முதன்மையான இடங்களில் ஒன்றாயிற்று. செம்பியத்தில் 1949-இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960-ஐ ஒட்டி அடுத்தடுத்து எழுந்த வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, எஞ்சின் வால்வும் பிரேக் லைனிங்கும் செய்த ராணே குழுமம், பொம்மை பலூனில் 1946-இல் தொடங்கி டயருக்கு வளர்ந்த எம்.ஆர்.எஃப். ஆகியவை கார் ஆலைகளுக்கு மட்டுமன்றி மாற்றுப் பாகச் சந்தைக்கும் விற்றன. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக அமைந்தன. அவற்றில் ஆலையின் முத்திரை பெற்ற ‘ஒரிஜினல்’, சிறு பட்டறைகள் செய்த ‘லோக்கல்’ என்று விலையிலும் ஆயுளிலும் வேறுபட்ட இருவகைப் பொருள்கள் கிடைத்தன. கூவம் ஆற்றின் ஓரத்திலுள்ள புதுப்பேட்டையோ மூன்றாவது வகைக்கு உரியது. அங்கே வண்டிகள் பிரிக்கப்பட்டு, கதவு, கியர்பெட்டி, அச்சு, டைனமோ என்று தனித்தனியாகக் குவிந்தன. வடிவம் மாறாத காருக்கு அது பெரும் பேறு: பழைய வண்டியின் கதவு பல ஆண்டுகள் இளைய வண்டிக்குச் சில திருத்தங்களோடு பொருந்தியது. ஒரு பாகத்துக்கு மூன்று விலைகள் இருந்ததால், உரிமையாளரின் கைப்பணத்துக்கு ஏற்ற பழுதும் எப்போதும் ஒன்று இருந்தது.

பாகம் கடைந்து செய்யும் ஆற்றல் சென்னைக்கு வெளியிலும் பரவியிருந்தது. அதன் வேர் கார்த் தொழிலைவிடப் பழையது. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்காரும் கோவையில் ஜி. டி. நாயுடுவும் நடத்திய பேருந்து நிறுவனங்கள், வெளிநாட்டுப் பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்திருக்க முடியாத நிலையில் தமக்கென்று பணிமனைகளை வளர்த்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டபோது, மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து அதன் வாயுவால் எஞ்சினை இயக்கும் கருவிகளைச் சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். செய்து விற்றது. கோவையின் வார்ப்பாலைகளும் லேத் பட்டறைகளும் நெசவு ஆலைக்கும் கிணற்று மோட்டாருக்கும் வேலை செய்து தேர்ந்தவை. அம்பாசிடரின் ரீபோரும் கிராங்க் அரைப்பும் இந்த மரபுக்குள் வந்து சேர்ந்த புதிய வாடிக்கைகளே.

பாகம் கிடைப்பதே பழைய காரின் உயிர் என்பதற்கு எதிர்முனைச் சான்று சென்னையிலேயே உண்டு. வண்டலூருக்கு அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு ஆலை 1961 முதல் ஹெரால்டு காரையும், பின்னர் அதன் இந்திய வடிவமான கெஜல் காரையும் செய்தது. அதன் முன்சக்கரத்தின் கீழ் இணைப்பான டிரனியன் என்னும் மறையுள்ள வெண்கலப் பாகத்துக்குக் கிரீஸ் ஆகாது. கெட்டியான கியர் எண்ணெய்தான் வேண்டும். அம்பாசிடரில் பழகிய கை அதிலும் கிரீஸை ஏற்றினால், மறைக்குள் உயவு சேராமல் உலோகம் இறுகி, இறுதியில் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரமே மடங்கிவிடும். வண்டிகளின் எண்ணிக்கை குறைந்ததால் அந்தத் தனியறிவு அம்பாசிடர் அறிவைப் போல் பரவ வாய்ப்பில்லாமற் போயிற்று. ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் 1985-இல் வந்து சந்தையில் தோற்றபின், அத்தொழிற்சாலை 1980களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்தியது. பாகங்கள் அரிதாக, இலகுவான ஸ்டியரிங்குடன் விரும்பப்பட்ட ஹெரால்டு, விற்க வழியின்றி வீட்டு முற்றங்களில் நின்றுபோயிற்று.

அம்பாசிடர் எஞ்சினுக்கு இலங்கையிலும் உறவினர் உண்டு. பி வரிசை எஞ்சின், ஆஸ்டின் ஏ40 காரின் 1200 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து வளர்ந்தது. அந்த ஏ40 கார்களும், பி வரிசையையே கொண்ட கேம்பிரிட்ஜ், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்களும் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக நிலைத்திருந்தன. 1990-க்குப் பின் போரும் பொருளாதாரத் தடையும் பெட்ரோலை வடக்குக்கு ஏறக்குறைய இல்லாத பொருளாக்கியபோது, அவை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், கார்புரேட்டரில் சிறிதளவு பெட்ரோலை விட்டுக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. பேரிங் விரைவில் தேய்ந்தது. அழுத்த விகிதம் குறைந்த, வார்ப்பிரும்பால் ஆன பழைய எஞ்சின் என்பதாலேயே அது இந்தத் துன்பத்தைத் தாங்கியது. நோயாளியையும் கர்ப்பிணியையும் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த அந்த வண்டிகளை ஓடவைத்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் திறம், தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

தமிழகத்தில் எரிபொருள் நெருக்கடி வேறு உருவம் கொண்டது. 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபின், அதிக தூரம் ஓடும் வாடகைக் கார்களின் கணக்கில் பெட்ரோல் தாங்க முடியாத செலவாயிற்று. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-ஐ ஒட்டி 1489 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினுடன் அம்பாசிடரை விற்கத் தொடங்கியது. இந்தியக் கார்களில் டீசலுக்கு வந்த முதல் கார் அதுவே. அதன் ஆற்றல் நாற்பது குதிரைத்திறனுக்கும் குறைவு. எனினும் பழைய பெட்ரோல் வண்டிகளை வாங்கி டீசல் எஞ்சின் ஏற்றுவது பட்டறைகளில் தனி வேலையாகவே வளர்ந்தது. வேன்களுக்கென்று செய்யப்பட்ட எஞ்சின்கள்கூட அம்பாசிடரின் பானெட்டுக்குள் இடம்பிடித்தன. எஞ்சினைத் தாங்கும் பிடிமானத்தை மாற்றி வெல்டிங் செய்வது, கூடுதல் எடைக்கு ஏற்ப முன் தாங்கமைப்பை வலுப்படுத்துவது, பதிவுச் சான்றில் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்வது என்று செலவு பல தலைப்புகளில் பிரிந்தது. டீசலின் கடும் அதிர்வு இணைப்புகளைத் தளர்த்தி வேறு பழுதுகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் மிச்சமான எரிபொருட்பணம் அதை ஈடுகட்டியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் காத்திருப்பு குறையத் தொடங்கியது. 1990-இல் மாருதி 1000, 1995-ஐ ஒட்டி டேவூ சியலோ, பின்னர் ஃபோர்டு எஸ்கார்ட், ஓப்பல் ஆஸ்ட்ரா, 1998-இல் ஹோண்டா சிட்டியும் திருவள்ளூரில் உருவான மிட்சுபிஷி லான்சரும், 1999-இல் மறைமலைநகரின் ஃபோர்டு ஐகானும் இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் அக்சென்டும் என்று செடான்கள் அடுத்தடுத்து வந்தன. இவற்றின் பழுது வேறு இலக்கணம் கொண்டது. கிரீஸ் ஏற்றும் கிங்பின்னுக்குப் பதிலாக மூடி முத்திரையிட்ட பந்து மூட்டு வந்தது. தேய்ந்தால் அதைச் சீவிச் சரிசெய்ய இயலாது, முழுதாக மாற்ற வேண்டும். இரும்புச் சங்கிலியின் இடத்தில் பல கார்களில் ரப்பர் டைமிங் பெல்ட் வந்தது. சங்கிலி தளர்ந்தால் ஓசை எழுப்பி எச்சரிக்கும், பெல்ட்டோ பெரும்பாலும் ஓசையின்றி அறுந்து, பல எஞ்சின்களில் அந்தக் கணத்தில் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சின் தலையைக் கெடுத்துவிடும். அலுமினியத்தால் ஆன தலை, ஒருமுறை நீரின்றிச் சூடேறினாலே வளைந்துபோகும். 1995-இல் பெருநகரங்களில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி கட்டாயமானதும், 2000-இல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டரை ஒதுக்கி மின்னணு எரிபொருள் செலுத்தியைக் கொண்டுவந்தன. கண்ணாலும் காதாலும் கண்டறிந்த நோய்க்கு இப்போது கணினிக் கருவி தேவைப்பட்டது.

இம்மாற்றத்தால் கூலியில் அடங்கியிருந்த செலவு பாகத்துக்குப் பெயர்ந்தது. ஏர்கண்டிஷன் கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பெட்டி, எரிபொருள் தொட்டிக்குள் மூழ்கிய மின்பம்ப், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்று கெட்டாலே, பத்து ஆண்டு கடந்த செடானின் விற்பனை மதிப்பில் கணிசமான பங்கு போய்விடும். பெரிய செடான்கள் சிறிய கார்களைவிட வேகமாக மதிப்பிழப்பதற்கு இது முதன்மையான காரணம்: வாங்கும் விலை இறங்குகிறது, பாகத்தின் விலை இறங்குவதில்லை. நிறுவனமே நாட்டைவிட்டு நீங்கும்போது ஹெரால்டின் கதை திரும்புகிறது. சியலோவுக்கும் ஓப்பலுக்கும் அதுவே நேர்ந்தது.

இதே காலத்தில் அம்பாசிடரும் மாறியது. 1992-இல் இசுசு நிறுவனத்தின் 1817 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. அங்குல அளவு ஸ்பானர்களோடு வாழ்ந்த பட்டறைகள் மில்லிமீட்டர் ஸ்பானர்களை வாங்கின. 2000-இல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபோது பழைய பி வரிசை எஞ்சின்களுக்குப் புதிய நோய் கண்டது. பெட்ரோலிலிருந்த ஈயச் சேர்மம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெத்தைபோல் படிந்து தேய்வைத் தடுத்துவந்தது; அது நீங்கியபின் மென்மையான வார்ப்பிரும்பு இருக்கைகள் உள்வாங்கத் தொடங்கின. லேத் பட்டறைகள் தலையைக் கடைந்து, கெட்டியான உருக்கு வளையங்களை அழுத்திப் பொருத்தி இதற்கும் வழி கண்டன. பழைய எஞ்சினுக்கு அவை செய்த கடைசிப் பெரும் பணி இதுவாகலாம்.

உத்தரபாரா ஆலை 2014 மே 24 அன்று வேலையை நிறுத்தியது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதன்பின்னும் பழைய வண்டிகளின் வரத்தைக் காத்துவந்த அரசு ஏலம் 2023-இல் தடைபட்டது: அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவை பதிவுபெற்ற உடைப்பு மையங்களுக்கே செல்ல வேண்டும். பட்டறைக்காரர்கள் ஒரு காலத்தில் கையில் ஹேண்டிலோடு சுற்றிவந்து எஞ்சினின் அழுத்தத்தைப் பரிசோதித்த அலுவலக வளாகங்களிலிருந்து, அவ்வெள்ளைக் கார்கள் இப்போது எடைக்கு விற்கும் இரும்பாக லாரிகளில் ஏற்றப்படுகின்றன.